பென்சிலால் போட்ட கையெழுத்து

எங்கள் டவுனில் ஆற்றை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வீடு கட்ட முடியாது, கடை போட முடியாது, மழைக்காலத்தில் ஒரு மாட்டைக் கட்டிவைக்கக்கூட முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதன் சொந்தக்காரரான கடை முதலாளி அந்த நிலத்தைப் பொதுமக்களுக்குத் தானமாகக் கொடுத்தார். பட்டின சபை அவருக்கு மாலை போட்டது. அவர் படத்தை மாட்டுவதற்கு ஒரு சுவர் வேண்டுமே என்று, அதே நிலத்தில் பொது நூலகத்தைக் கட்டினார்கள்.

ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் சின்ன டவுன் அது. சுற்றி நாலு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள். டவுனில் இருந்தவர்களை ஒரு கல்யாணப் பந்தலில் உட்கார வைத்துவிடலாம். தோட்டங்களில் இருந்த எங்களை உட்கார வைக்க மலைதான் வேண்டும். ஆனாலும் நூலகப் பலகையில் எழுதியிருந்த ‘பொதுமக்கள்’ என்பவர்கள் அந்தப் பந்தலுக்குள் அடங்குகிறவர்கள்தான். டவுன் எல்லைக்குள் வீடு உள்ளவருக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அட்டை உண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவன் உள்ளே வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். அதுவே பெரிய தயவு என்று நாங்களும் நினைத்தோம்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவரை லைப்ரரி ஐயா என்போம். மெலிந்த மனிதர், சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. புத்தகங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் கிடையாது. அவர் உயிரெல்லாம் வாசலில் இருந்த ரெஜிஸ்டர் மேல்தான். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அதில் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றையும் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவரே நீல மையில், முத்து முத்தான எழுத்தில் தேதி போடுவார். மை காயும்வரை அந்தப் பக்கத்தை யாரும் தொடக் கூடாது.

அந்த மேசையில் இரண்டு எழுதுகோல்கள் இருந்தன. டவுன்காரர்களுக்கு மைக்கூடும் பேனாவும். எங்களுக்கு நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில். கவாத்துக் கத்தி பிடிக்கிற கை பேனா முள்ளை ஒடித்துவிடும் என்பது ஐயாவின் தீர்மானம். ஒரு தடவை ஞாபகமில்லாமல் பேனாவை எடுத்துவிட்டேன். ஐயா என் கையைத் தொடாமல் பேனாவை மட்டும் உருவிக்கொண்டார்.

“அது டவுன் ஆளுங்களுக்கு. ஒங்களுக்குத்தான் பென்சில் வச்சிருக்கே, தம்பி.”

பென்சிலை வைத்ததே எனக்காகத்தான் என்கிற மாதிரி சொன்னார். நானும் சரிங்க என்று பென்சிலை எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ரோஷம் குறைவு, படிக்கிற ஆசை அதிகம். அதோடு எனக்காகக் காத்திருக்கிறவர்களும் இருந்தார்கள். நூலகத்துக்குள் சத்தம் போட்டு வாசிக்கக் கூடாது என்பதால், நான் உள்ளே பேப்பரை மூளையில் ஏற்றிக்கொண்டு வந்து, வெளியே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆட்களுக்கு ஒப்பிப்பேன். தோட்டத்து ஆட்களின் ஓட்டுரிமை போனதை எங்கள் லயத்துக்கு முதலில் சொன்னவன் நான்தான். ஒரு பெரியவர் என்னமோ நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி என்னைத் திட்டினார்.

இப்படி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் பென்சிலால் பெயர் எழுதிவந்தேன். அது ஒருநாள் எனக்குச் சோறு தண்ணியைவிட முக்கியமாகும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்களை ஹட்டனுக்குக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த காலம். இத்தனை வருஷம் விடாமல் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று ஒவ்வொருவரும் நிரூபிக்க வேண்டும். தோட்டத்து ஆட்களின் சம்பளப் பதிவான செக்ரோலில் பெயர் இருந்தால் தப்பித்தோம். என் பெயர் இருந்தது, ஆனால் யுத்த காலத்தில் இரண்டு வருஷம் இல்லை. கங்காணியிடம் வாய் கொடுத்ததால் பெயரை வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் பகலில் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினேன், ராத்தூக்கத்துக்கு அப்பாவின் லயத்துக்கே போனேன். மூட்டை தூக்குகிறவனுக்கு யார் செக்ரோல் வைப்பார்கள்? அந்தப் பலசரக்குக்காரரும் கடையை விற்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்.

விசாரணை ஐயா இங்கிலீஷில் பேசுவார், பக்கத்தில் ஒரு துபாஷி தமிழில் சொல்லுவார். ஐயா அரை நிமிஷம் பேசினால் துபாஷி அரை வரி சொல்லுவார்.

“அந்த ரெண்டு வருஷம் நீ இந்தியாவுல இருந்தியாம்.”

“இல்லைங்க, இங்கதாங்க இருந்தேன். ஒருநாள்கூட அக்கரைல இருக்கிற மண்டபம் முகாமக் கண்ணால பாத்ததில்லைங்க.”

“அப்ப அத்தாட்சி கொண்டாங்குறாரு. ரெண்டு மாசம் தவணை.”

எனக்கு மட்டும் போகிற விஷயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் விண்ணப்பத்தில்தான் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். நான் இங்கே இல்லை என்று ஆகிவிட்டால் அவர்களும் எங்குமே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலத்தருகே நூலகத்தைப் பார்த்தேன். ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்துவிட்டேன்.

லைப்ரரி ஐயா பழைய ரெஜிஸ்டர்களைக் கீழ்த் தட்டில் வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு வருஷத்துப் புத்தகத்தை எடுத்துத் திறந்து காட்டவும் செய்தார். ஞாயிறுக்கு ஞாயிறு நான் இருந்தேன், நீலத் தேதிக்குக் கீழே, பென்சிலில், லயத்து எண்ணோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“குடுங்கய்யா, ஹட்டன்ல காட்டிட்டு அன்னைக்கே கொண்டாந்து வச்சுர்றேன்.”

“ரெஜிஸ்டர் இந்த வாசல் தாண்டக் கூடாது. சபைக்கு மனு எழுதுங்க. தீர்மானம் போட்டா குடுக்கிறேன்.”

மனு எழுதினேன். முதல் மாதக் கூட்டத்தில், பிரேதம் கொண்டுபோகிற பாதையில் யார் கல் பதிப்பது என்று சண்டை வந்து கூட்டம் கலைந்தது. இரண்டாவது மாதக் கூட்டத்துக்குச் சேர்மனும் அவர் மச்சானும்தான் வந்தார்கள், அது போதாதாம். மூன்றாவதாக, ஆனி மாத மழையில், ஆறு வந்தது. சபை அங்கத்தினர்களைப் போல அல்லாமல் அது சொன்ன காலத்துக்கு வந்தது.

நான் அப்போது மறுபடி தோட்டத்தில் சேர்ந்து ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை. அதன் மேல்மாடியில், சாக்குத்துணி விரித்த தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது என் வேலை. மத்தியானம் லொறிக்காரர் வந்து, “லைப்ரரிக்குள்ள இடுப்பளவு தண்ணி” என்றார். நான் கையில் இருந்த கொழுந்தை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

லைப்ரரி ஐயா மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் போட்டபடி இருந்தது. மேல் தட்டில் துரைமார் கிளப்பிலிருந்து தானமாக வந்த தோல் அட்டைப் புத்தகங்கள், குதிரைக்கு வரும் நோயைப் பற்றியும் நாய் வளர்ப்பைப் பற்றியும், யாரும் தொடாதவை, ஒரு சொட்டு நனையாமல் சௌக்கியமாக இருந்தன. நடுத் தட்டில் நாங்கள் ஆசை ஆசையாகப் பார்த்த தமிழ்ப் புத்தகங்கள் பாதி நனைந்திருந்தன. கீழ்த் தட்டு கண்ணுக்கே தெரியவில்லை. நான் மூழ்கித் தடவித்தான் ரெஜிஸ்டர்களை எடுத்தேன். சேர்மன் பாலத்தில் குடை பிடித்து நின்று, “மொதல்ல தோல் அட்டைய எடுங்கப்பா, வெல ஒசந்தது” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மழையில் எங்கே காயவைப்பது? டவுனில் யார் வீட்டிலும் இடமில்லை, மனசும் இல்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஈரமான இலையைக் காயவைப்பதற்கென்றே ஒரு மாடி கட்டி, சூடான காற்று விட்டு வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறதே! சேர்மன் எங்கள் தோட்டத்துத் துரைக்குப் போன் போட்டார். துரைக்கு நாய்ப் புத்தகங்கள் மேல் இருந்த அக்கறையில் ஒரு பக்கத்துத் தட்டுகள் கிடைத்தன. வெள்ளத்துக்கு முன் எங்களிடம் கொடுத்தால் அழுக்காகிவிடும் என்ற புத்தகங்கள், வெள்ளத்துக்குப் பின் எங்கள் தலையிலேயே ஏறி மலைக்கு வந்தன.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. கொழுந்தைக் கனமாகப் போட்டால் அடியில் வெந்துவிடும், மெல்லிசாகப் பரப்ப வேண்டும். ரெஜிஸ்டரை மூடியபடியே வைத்தால் நடுப்பக்கம் ஊசிப்போகும் என்று பயந்தேன். அதனால் எல்லா ரெஜிஸ்டரின் தையலையும் பிரித்தேன். தாள் தாளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்று நன்றாக வரும் தட்டில், என் கையாலேயே பரப்பினேன். வாட்டுகிற வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை, அவ்வளவு அழகாகப் பரப்பினேன். பிறகு கீழே இறங்கிக் காற்றாடியைப் போடச் சொன்னேன்.

கொழுந்து சாக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பறக்காது. தாள் அப்படிக் கிடக்கும் என்று நான் எப்படி நினைத்தேனோ! ஓரம் காயும்வரை பேசாமல் கிடந்தது. அப்புறம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் போயிருந்த நேரத்தில், பத்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எழுந்து மாடி முழுக்கப் பறந்தன. கொழுந்து கொண்டுவந்த பெண்கள் சிரித்துச் சிரித்து அவற்றைப் பிடித்தார்கள். பிடித்ததைக் கூடையில் போட்டார்கள். கூடையை வழக்கப்படி நிறுக்க வைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஏதோ ஞாபகத்தில் நிறையை எழுதியும் விட்டார்.

நான் ஓடிவந்து ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மை முழுக்கக் கரைந்து போயிருந்தது. டவுன் பெரிய மனிதர்களின் வளைந்து நெளிந்த கையெழுத்துகள் எல்லாம் வெறும் நீலக் கறை. ஐயாவின் முத்து முத்தான தேதிகளும் நீலக் கறை. எங்கள் பென்சில் மட்டும் எழுதிய அன்றைக்கு எப்படியோ அப்படியே நின்றது. கவாத்துக்காரன், தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன், லொறிக்காரன், நான். அந்தத் தாள்களைப் பார்த்தால், அந்த நூலகத்துக்குத் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் வந்ததே இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

பெண்கள் அதை ரசித்தார்கள். “முதலாளியெல்லாம் தண்ணில போயிட்டாங்க, நம்ம ஆளுங்கதான் தப்பிச்சாங்க” என்று ஒருத்தி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையலைப் பிரிக்காமல் விட்டிருந்தால், தேதி அழிந்தாலும் பக்க வரிசையை வைத்து எந்த வருஷம் என்று காட்டியிருக்கலாம். வெள்ளம் பாதியைக் கெடுத்தது. மீதியை நான் தொழில் சுத்தமாகக் கெடுத்தேன்.

மூன்றாம் நாள் டீமேக்கர் தேயிலையை ருசி பார்த்துவிட்டுத் துப்பினார். பழைய பேப்பரை ஊறவைத்துக் குடித்த மாதிரி இருக்கிறதாம். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும், துரைக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நாய்ப் புத்தகங்கள் பங்களாவுக்குப் போயின. மற்றவையெல்லாம் சாக்கில் கட்டியபடி ஸ்டோர் மூலையில் கிடந்தன. அந்தச் சாக்குகளைப் பிரித்து, என் கையெழுத்து உள்ள தாள்களாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

லைப்ரரி ஐயாவிடம் போய், இவை இன்ன வருஷத்துத் தாள்கள் என்று ஒரு கடிதம் கேட்டேன். மனிதர் பொய் சொல்லவில்லை.

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. நீங்க ஒரு ஞாயிறுகூட விட்டதில்ல. ஆனா என் ஞாபகத்துல சபை முத்திரை இல்லையே.”

தவணையை ஒரு தடவை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். ஹட்டனுக்குத் தாள்களோடு போனேன். விசாரணை ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். இங்கிலீஷில் நிறையப் பேசினார்.

“தாள்ல நல்ல தேயில வாசம் அடிக்குதாம்” என்றார் துபாஷி.

“வேற என்னங்க சொன்னாரு?”

“தேதி இல்லியாம். பென்சில்ல எழுதுனது நேத்தும் எழுதியிருக்கலாமாம். மையில ஏன் போடலன்னு கேக்குறாரு.”

நான் காரணத்தைச் சொன்னேன். கவாத்துக் கை, பேனா முள், நூலில் கட்டிய பென்சில் எல்லாம் சொன்னேன். துபாஷி அதை இரண்டே வார்த்தையில் இங்கிலீஷாக்கினார். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

“நம்ம பேரு எழுத்துல இருக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் அங்க போனீங்க. ஒங்க கையாலேயே பிரிச்சுப் பறக்க விட்டுட்டு வந்திருக்கீங்க.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

நூலகம் இல்லாத அந்த வருஷம் எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது. பேப்பர் சலூனுக்குப் போய்விட்டது. சலூன்காரர் முடி வெட்டிக்கொள்கிறவருக்கு மட்டும்தான் பேப்பர் கொடுப்பார். செய்தி வேண்டும் என்பதற்காக மொட்டை அடித்துக்கொள்ள முடியுமா? எல்லோரையும் கப்பலில் ஏற்றப்போகிறார்கள் என்று ஒரு வாரம், எல்லோருக்கும் ஓட்டுத் தரப்போகிறார்கள் என்று மறு வாரம், பாலத்துக் கட்டையில் வாய்க்கு வந்ததெல்லாம் செய்தியானது. ஒரு புரளியை நம்பி எங்கள் லயத்தில் ஒருவர் ஆட்டை விற்றுவிட்டுப் பெட்டி வாங்கினார். விண்ணப்பக் காகிதங்களை எழுதிக் கொடுக்க நாங்கள் உட்காரும் மேசை போய்விட்டது. பெரட்டுக்களத்துக் கல்லில் வைத்து எழுதினேன்.

இந்த நிலைமையில் ஒருநாள் சேர்மன் தோட்டத்துக்கு நேரிலேயே வந்தார். ஸ்டோர் மூலையில் இருந்த சாக்குகளைத் தேடித்தான் வந்திருந்தார். வெள்ள நிவாரணத்தில் புது நூலகம் கேட்டிருந்தார்களாம். இந்த நூலகத்தைப் பொதுமக்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்களா, அத்தாட்சி அனுப்பு என்று கொழும்பிலிருந்து கேட்டிருந்தார்களாம். படிக்கக்கூடிய அத்தாட்சி எங்கள் பென்சில் கையெழுத்துகள்தான்.

“ஒங்ககிட்டயும் கொஞ்சம் தாளு இருக்காமே, அதையும் குடுங்க. ஒங்க பேருதான் நெறையா இருக்கு.”

“குடுக்கிறேங்க. நாங்களும் பொதுமக்கள்தான்னு எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. ஹட்டன்ல காட்டணும்.”

சேர்மன் என் தோளில் தட்டினார். “அது வேற, இது வேறப்பா.”

கொடுத்துவிட்டேன். என்னிடம் வைத்து அடுப்புப் பற்றவைப்பதா? கொழும்பில் தேதி கேட்கவில்லை, பென்சில் என்று முகம் சுளிக்கவில்லை. பணம் வந்தது. ஆற்றங்கரையை விட்டு மேட்டில், கண்ணாடி ஜன்னல் வைத்து, நூலகம் எழுந்தது. நான் இந்த ஊரில் இருந்ததற்கு ஆதாரமாகப் போதாது என்று ஹட்டனில் தள்ளிய அதே தாள்களால் ஒரு முழுக் கட்டடம் எழுந்து நின்றது.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் எனக்குக் கடிதம் வந்தது. டைப் அடித்து, முத்திரை குத்தி, தேதி போட்டு. தொடர்ச்சியாக வசித்ததற்கு அத்தாட்சி இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. விழா முடிந்த பின், தவணையின் கடைசி நாளில் அப்பீலும் போட்டுப் பார்த்தேன். பிறகு அதுவும் இதே மாதிரி, இதைவிடச் சின்னக் கடிதமாகத் திரும்பி வந்தது. முதல் கடிதம் வந்த அன்று என் மூத்த மகள் அதை வாங்கிப் பார்த்து, “இதுல நம்ம பேரு எல்லாம் இருக்கேப்பா” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பாலத்துக் கட்டைக்காரர்கள் என்னை விடவில்லை, பேப்பர் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நிலம் கொடுத்த முதலாளியின் படம் புதுச் சுவரில் மாட்டியிருந்தது, இந்த நிலம் அவர் கொடுத்ததில்லை என்றாலும். வாசலில் புது ரெஜிஸ்டர், புது மைக்கூடு, புது நூலில் புதுப் பென்சில். லைப்ரரி ஐயா முதல் பக்கத்தின் தலையில் நீல மையில் தேதி போட்டுக் காயவைத்திருந்தார்.

சேர்மன் அன்று நல்ல குஷியில் இருந்தார். நான் பென்சிலைத் தொடுவதற்குள் தன் பையிலிருந்து தங்க முள் பேனாவை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நீட்டினார்.

“இன்னைக்கு நீங்க மையிலேயே போடுங்க!”

கை தட்டினார்கள். லைப்ரரி ஐயா அந்தப் பேனா முள்ளைக் கவலையோடு பார்த்தார்.

“வேணாங்க” என்றேன். “மை இந்த ஊரு தண்ணிக்குத் தாங்காது. பென்சிலே இருக்கட்டும்.”

அன்றைக்கு நான் என் பெயரோடு விடவில்லை. மனைவி பெயரை எழுதினேன். பிள்ளைகள் இரண்டு பேர் பெயரையும் எழுதினேன். பென்சில் முனை மழுங்கும்வரை அழுத்தி, நிராகரித்த கடிதத்தில் இருந்த அதே வரிசையில் எழுதினேன். லைப்ரரி ஐயா வந்திருப்பவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முகவரிக் கட்டத்தில் லயத்து எண்ணைப் போடவில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து ‘இங்கேதான்’ என்று எழுதினேன். பிறகு உள்ளே போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.